எந்த விரலைக் கொடுப்பது?

கைக்கு ஐந்து விரல். அவற்றில் ஒன்றை யாராவது கேட்டால் எதைக் கொடுப்பீர்கள்? வெட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. ஏகலைவனைப் போல் தியாகம் எதுவும் செய்ய வேண்டாம். விரல் உங்கள் கையிலேயே இருக்கும். அதன் நுனியில் சிறிது கீறி, தோலுக்கடியில் ஒரு காந்தத் துண்டை வைத்துத் தைத்துவிடுவார்கள். சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். ஒரு மிளகைத் தட்டையாக நசுக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். புண் ஆறிச் சில வாரங்கள் கழித்து அந்த விரல் மற்ற விரல்களுக்குத் தெரியாத சங்கதிகளைச் சொல்லத் தொடங்கும். ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் உள்ளே குறுகுறுக்கும். இன்னொரு காந்தம் அருகில் வந்தால் யாரோ இழுப்பது போலவும் தள்ளுவது போலவும் இருக்கும்.

கதை எழுதுகிறவன் கட்டிவிட்ட கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2004, 2005-ஆம் வருஷ வாக்கில் அமெரிக்காவில் சிலர் இதை உண்மையாகவே செய்து கொண்டார்கள். அதற்குப் பிறகு பல தேசங்களில் பலர் செய்து கொண்டிருக்கிறார்கள். வியாதிக்காக அல்ல, இன்னொரு புலன் வேண்டும் என்ற ஆசைக்காக.

இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கும்போது என் மனத்தைப் பிடித்துக் கொண்டது காந்தம் அல்ல. அதை உடம்பில் எங்கே வைப்பது என்ற கேள்விதான். கேள்வி சின்னது. ஆனால் அதற்கு விடை சொல்ல மனிதனுக்கு இருநூற்று முப்பது வருஷம் ஆயிற்று. அந்த வருஷங்களின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வியன்னா நகரத்தில் மாக்ஸிமிலியன் ஹெல் என்று ஒரு பாதிரியார் இருந்தார். ஜெஸ்யூட் சபையைச் சேர்ந்தவர், பெரிய வானசாஸ்திரி. அவருக்குக் காந்தங்கள் செய்வதில் ஒரு மோகம். 1774-ல் அவர் செய்து கொடுத்த காந்தங்களை பிரான்ஸ் அன்டன் மெஸ்மர் என்ற வைத்தியர் பிரான்ஸிஸ்கா ஓஸ்டர்லின் என்ற நோயாளிப் பெண்ணுக்குப் பிரயோகித்தார். இரும்புச் சத்துக் கலந்த மருந்தை முதலில் குடிக்கச் சொன்னார். பிறகு வயிற்றில் ஒன்று, கால்களில் இரண்டு என்று காந்தங்களைக் கட்டினார். உடம்புக்குள் ஏதோ ஓடி இறங்குவது போல் அந்தப் பெண் உணர்ந்தாள். அவளுடைய உபத்திரவமும் சில மணி நேரம் தணிந்தது. வயிறும் காலும்! காந்தத்துக்கு உடம்பில் இடம் தேடியவர்களில் மெஸ்மருக்குப் பிரதானமான ஸ்தானம் உண்டு. ஆனால் அந்த இடங்களை எந்த ஆதாரத்தைக் கொண்டு பொறுக்கினார் என்று கேட்டால், வலி இருந்த இடம் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

சீக்கிரத்தில் மெஸ்மர் காந்தத்தையும் விட்டுவிட்டார். தம் தேகத்திலேயே காந்த சக்தி இருக்கிறது, கையை வீசினால் போதும் என்று ஆரம்பித்தார். பாரிஸ் நகரமே அவர் காலடியில் விழுந்தது. 1784-ல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். அதில் பெஞ்சமின் பிராங்க்ளின் இருந்தார். ரசாயன சாஸ்திரி லவாஸியே இருந்தார். கில்லட்டின் என்ற பெயரை நமக்கு விட்டுச் சென்ற டாக்டரும் இருந்தார். நோயாளிகளின் கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்தார்கள். காந்த சக்தி செலுத்தப்படுகிறது என்று நினைத்தவர்களுக்கு, செலுத்தாதபோதே வலிப்பு வந்தது. தெரியாமல் செலுத்தினால் ஒன்றும் வரவில்லை. எல்லாம் மனோபாவனையின் வேலை என்று குழு தீர்ப்புச் சொல்லிவிட்டது. வலி தணிந்தது பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. அதற்குக் காரணம் காந்தம் இல்லை என்றுதான் சொன்னார்கள். மெஸ்மர் சொன்ன காந்த சக்தியை மனிதன் உணர்வதில்லை என்பதற்கு நல்ல சாட்சி அந்த அறிக்கை.

நூறு வருஷம் கழித்து அதே கேள்வியை மறுபடி எடுத்தவர் சாமானியர் அல்ல. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற ஸர் வில்லியம் தாம்ஸன், 1883-ல் பர்மிங்ஹாமில் ஒரு பிரசங்கம் செய்தார். அறிவுக்கு ஆறு வாசல்கள் என்பது விஷயம். ஐந்துதானே என்று கேட்பீர்கள். பரிசத்தை அவர் இரண்டாகப் பிரித்தார்: சூட்டை அறிவது ஒன்று, அழுத்தத்தை அறிவது ஒன்று. ஆக ஆறு. ஏழாவதாகக் காந்தப் புலன் என்று ஒன்று இருக்கக் கூடாதா என்று யோசித்தார். இங்கே எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். மேனாட்டார் இன்றைக்கும் இதை ஆறாவது புலன் என்று எழுதுகிறார்கள். நாமோ மனத்தை ஆறாவது அறிவாக வைத்துத் தொல்காப்பிய காலத்திலேயே கணக்கை முடித்துவிட்டோம். நமக்கும் இது ஏழாவதுதான்!

கெல்வின் தம் பிரசங்கத்தில் ஒரு சோதனையைச் சொன்னார். லிண்ட்ஸே பிரபுவும், தந்தித் துறையில் பெயர் பெற்ற வார்லி என்பவரும், மிகப் பெரிய மின்காந்தம் ஒன்றின் இரு முனைகளுக்கு நடுவே தலையை வைத்துப் பார்த்தார்களாம். ஒன்றுமே தெரியவில்லை. இரும்பை அவ்வளவு வேகமாக இழுக்கிற சக்தி மனித மூளையின் ஊடே போகிறது; மூளைக்கு அது போவதே தெரியவில்லை! கெல்வினுக்கு இது ஜீரணமாகவில்லை. அவர் ஆச்சரியப்பட்டதில் நியாயம் உண்டு. 1896-ல் டார்ஸான்வால் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி நிலையாக நிற்கும் காந்தத்துக்குப் பதிலாக, ஓயாமல் திசை மாறும் காந்தப் புலத்தில் தலையை வைக்கச் செய்தார். கண்ணில் மங்கிய ஒளி துடிப்பது தெரிந்தது. அசையாத காந்தம் நமக்கு ஊமை; துடிக்கிற காந்தம் மட்டும் ஏதோ முணுமுணுக்கிறது. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

இனி கதையின் மறு பாதிக்கு வருகிறேன். இது காந்தத்தைப் பற்றியது அல்ல, தோலைப் பற்றியது.

ஜெர்மனியில் விட்டன்பர்க் என்ற ஊரில் மைக்கேல் வேபர் என்று ஒரு மதசாஸ்திரப் பேராசிரியர். அவருடைய பிள்ளைகளில் மூன்று பேர் விஞ்ஞானிகள் ஆனார்கள். மூத்தவர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் 1795-ல் பிறந்தவர். லைப்ஸிக் சர்வகலாசாலையில் உடற்கூற்றுப் பேராசிரியராக இருந்தார். அவர் கையில் எடுத்த கருவியை நம் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெட்டியில் பார்க்கலாம்: கவராயம். அதன் இரண்டு முனைகளாலும் ஒருவருடைய தோலை மெதுவாகத் தொடுவார். தொடப்படுகிறவர் பார்க்கக் கூடாது. ஒரு முனை தொடுகிறதா, இரண்டு முனை தொடுகிறதா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை. முனைகளை எவ்வளவு நெருக்கினால் இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன என்று உடம்பு முழுவதும் அளந்தார். 1834-ல் லத்தீனில் புத்தகமாக வெளியிட்டார்.

அந்தக் கணக்கு ஒரு புதிய தேசப் படம் போல் இருந்தது. நாக்கு நுனியில் சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று தெரிந்துவிடுகிறது. விரல் நுனியில் சுமார் 2 மில்லிமீட்டர். முதுகின் நடுவிலோ 60 மில்லிமீட்டருக்கும் மேல் வேண்டும்! முதுகில் நாலு விரற்கடை தள்ளி இரண்டு பேர் தொட்டால் ஒருவர்தான் தொட்டார் என்று நாம் சத்தியம் செய்வோம். தோல் எங்கும் ஒன்றுதான் என்று எண்ணிக் கொண்டிருந்த உலகத்துக்கு, அதிலும் நகரம் உண்டு, பொட்டல் காடு உண்டு என்று காட்டியவர் எர்ன்ஸ்ட் வேபர்.

அவருடைய தம்பி வில்ஹெல்ம் வேபர் ஒன்பது வயது இளையவர். அவர் பௌதிகம் படித்தார். கெட்டிங்கன் நகரத்தில் கணித மேதை கௌஸுடன் சேர்ந்து காந்த சக்தியை அளக்கப் புறப்பட்டார். 1833-ல் இருவருமாக நட்சத்திர ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து பௌதிகக் கூடத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்காந்தத் தந்தி அனுப்பினார்கள். 1837-ல் ஹானோவர் மன்னர் அரசியல் சாசனத்தை ரத்து செய்தபோது அதை எதிர்த்துக் கையெழுத்திட்ட ஏழு பேராசிரியர்களில் வில்ஹெல்மும் ஒருவர், வேலை போயிற்று. பின்னர் 1843-ல் அண்ணன் இருந்த லைப்ஸிக்கிலேயே அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. இன்றைக்குக் காந்தப் பாய்வை அளக்கும் அலகுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அண்ணன் பரிசத்தை அளந்தார். தம்பி காந்தத்தை அளந்தார். 1825-ல் அலைகளைப் பற்றி இருவரும் சேர்ந்தே ஒரு நூல் எழுதியவர்கள். ஆறு வருஷம் ஒரே சர்வகலாசாலையில் உத்தியோகம் பார்த்தவர்கள். ஆனாலும் அண்ணனுடைய அளவும் தம்பியுடைய அளவும் மனிதனின் விரல் நுனியில் ஒருநாள் சந்திக்கப் போகின்றன என்று இருவரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். நாவலில் இப்படி ஒரு பொருத்தத்தை நான் எழுதினால் வலிந்து புகுத்தினான் என்று விமரிசகர்கள் என்னை விடமாட்டார்கள்.

விரல் ஏன் அவ்வளவு கூர்மையாக உணர்கிறது? இதற்கும் ஒரு மாணவனின் கண் வேண்டியிருந்தது. 1831-ல் இத்தாலியில் பிஸ்டோயா என்ற ஊரில் பிலிப்போ பாசினி என்ற பத்தொன்பது வயதுப் பையன் ஒரு கையை அறுத்துப் பரிசோதித்துக் கொண்டிருந்தான். விரல்களுக்குப் போகும் நரம்புகளில் வெங்காயம் போல் அடுக்கடுக்கான தோலோடு சின்னஞ்சிறு உருண்டைகள் தொங்குவதைக் கண்டான். அவனுக்கு முன்பே ஒரு ஜெர்மானியர் கண்டதுதான். ஆனால் உலகம் மறந்துவிட்டிருந்தது. 1835-ல் பிளாரன்ஸ் நகரத்து அறிஞர் சபையில் சொன்னபோதும் அதிகம் பேர் காது கொடுக்கவில்லை. பாசினியின் ஜாதகமே அப்படி. 1854-ல் காலரா கிருமியையும் அவர்தான் முதலில் கண்டு எழுதினார். பெயர் முப்பது வருஷத்துக்குப் பின் வந்த காக்குக்குப் போயிற்று. 1965-ல்தான் கிருமியின் விஞ்ஞானப் பெயரோடு பாசினியின் பெயரையும் சேர்த்தார்கள். நியாயம் கிடைத்தபோது அவர் செத்து 82 வருஷம் ஆகியிருந்தது.

பாசினியின் உருண்டைகள் அதிர்வை அறிகிறவை. 1852-ல் மைஸ்னர் என்பவர் தோலின் மேல்பகுதியிலேயே வேறு வகை நுண்ணுறுப்புகளைக் கண்டார். அவை மெல்லிய படபடப்பை அறிகின்றன. 1979-ல் ஸ்வீடனில் யோஹான்ஸன், வால்போ என்ற இருவர் கணக்கெடுத்தபோது, ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் இப்படிச் சுமார் 17,000 உணர்வு உறுப்புகள் இருப்பதாகத் தெரிந்தது. அவை மிக நெருங்கியிருப்பது விரல் நுனிகளில். அதற்கு முன்பே, 1937-ல் மாண்ட்ரியால் நகரத்து டாக்டர் பென்ஃபீல்டும் அவருடைய சகாவும் மூளையின் மேற்பரப்பில் எந்தப் பகுதி எந்த அவயவத்துக்கு உரியது என்று வரைந்து காட்டியிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி ஒரு மனிதனைச் செய்தால் உதடும் நாக்கும் கையும் பூதாகாரமாக இருக்கும். முதுகும் வயிறும் சூம்பிப் போயிருக்கும். மெஸ்மர் காந்தத்தை வைத்த வயிறு இந்தக் கணக்கில் ஏழை வீடு.

தோலின் படம் தயாராகிவிட்டது. இனி வேண்டியது விரலுக்குள் அடங்குகிற காந்தம். 1983-ல் ஜப்பானில் மசாட்டோ ஸகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும், தனித்தனியே, நியோடிமியம் என்ற உலோகத்தை இரும்போடும் போரானோடும் சேர்த்து, அதுவரை காணாத பலமுள்ள காந்தத்தைச் செய்து காட்டினார்கள். மிளகளவு காந்தத்துக்கு அப்போதுதான் வேகம் வந்தது. ஆனால் அதற்கு ஒரு குறை: ஈரம் பட்டால் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். மனித உடம்போ முழுக்க ஈரம்.

கடைசித் திறவுகோல் ஒரு விபத்தாக வந்தது. ஒலி சாதனங்கள் பழுது பார்க்கும் ஒரு தொழிலாளியின் விரலில் எஃகுச் சிராய் ஒன்று ஏறி அங்கேயே தங்கிவிட்டது. ஒலிபெருக்கிகளைக் கையாளும்போது எதில் காந்த சக்தி இருக்கிறது என்பது அந்தச் சிராய் மூலம் அவருக்குத் தெரிந்ததாம்! இதைக் கேட்டுத்தான் உடல் அலங்காரக் கலைஞரான ஸ்டீவ் ஹாவர்த்தும், ஜெஸ்ஸி ஜாரெலும், மாணவரான டாட் ஹஃப்மனும் காந்தத்தையே வைத்துப் பார்க்கத் துணிந்தார்கள். பிரபுவும் தந்தி நிபுணரும் தலையைக் கொடுத்து அறியாததைத் தொழிலாளி ஒரு சிராயினால் அறிந்தார். தலைக்குள் காந்தத்தோடு அசையக்கூடிய பொருள் இல்லை, விரலுக்குள் இருந்தது. காந்தம் சிராயை அசைக்கிறது, சிராய் நரம்பைத் தொடுகிறது. புதிய புலன் எதுவும் பிறக்கவில்லை. பழைய பரிசமே புதிய பாஷை ஒன்றைக் கற்றுக் கொண்டது.

இப்போது கேள்விக்கு வரலாம். எங்கே?

விரல்தான் என்பது தீர்ந்தது. எந்த விரல்? கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கூடாது. உலகத்தையே அவை இரண்டும்தான் பிடித்துக் கொண்டிருக்கின்றன. இருக்கிற உணர்வு போய்விட்டால் பேனா பிடிக்க முடியாது, பொத்தான் போட முடியாது. நடுவிரல் அவற்றுக்கு உதவியாள். சுண்டு விரலில் சதை குறைவு. எங்கே பார்த்தாலும் இடித்துக் கொள்ளும். மிஞ்சியது மோதிர விரல். நுட்பமாக உணரவும் உணரும். போனால் பிழைப்புக் கெட்டுவிடாது. அதிலும் வேலை குறைந்த இடக்கை மேல். அந்த விரலிலும் அழுந்துகிற நடு நுனி கூடாது. பாரம் தூக்கும்போது காந்தம் எலும்புக்கும் பாரத்துக்கும் நடுவே நசுங்கும். சற்றே பக்கவாட்டில் வைக்க வேண்டும். பல பேர் இப்படியே யோசித்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இடக்கை மோதிர விரலுக்கு இந்த கௌரவம் புதிதல்ல. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஔலஸ் ஜெல்லியஸ், அந்த விரலிலிருந்து மட்டும் இதயத்துக்கு ஒரு மெல்லிய நரம்பு போவதாக எகிப்தியர் கண்டார்கள் என்று எழுதி வைத்தார். அப்படி நரம்பு எதுவும் கிடையாது. ஆனால் வேறொரு விசேஷம் உண்டு: கைக்கு வரும் இரண்டு பெரிய நரம்புகள் பெரும்பாலும் இந்த விரலில்தான் எல்லை வகுத்துக் கொள்கின்றன. ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் மற்றது. நாம் அதற்கு அநாமிகை, பெயரில்லாதவள், என்றும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். பெயரில்லாதவளைத்தான் பரிசோதனைக்கு அனுப்புவது உலக வழக்கம் போலும்.

வைத்துக் கொண்டவர்களுக்கு என்ன கிடைத்தது? நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 தடவை திசை மாறி மறுபடி பழைய திசைக்கே திரும்புகிறது; அமெரிக்காவில் 60 தடவை. அந்தத் துடிப்பில் காந்தம் துடிக்கிறது. மைஸ்னரும் பாசினியும் கண்ட உறுப்புகள் அதைச் சொல்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத குமிழி இருப்பது தெரிகிறது. வடதிசை மட்டும் தெரியாது. பூமியின் காந்தம் அந்தச் சிறு துண்டை உணரும்படி அசைக்கப் போதாது.

என்ன விலை கொடுத்தார்கள்? செய்கிறவர் டாக்டர் அல்லாததால் மயக்க மருந்து கிடையாது. ஐஸ் நீரில் விரலை மரக்கச் செய்து கொண்டு பல்லைக் கடிக்க வேண்டும். க்வின் நார்ட்டன் என்ற பெண் பத்திரிகையாளர் தம் அனுபவத்தை 2006-ல் வயர்ட் பத்திரிகையில் எழுதினார். காந்தத்தின் மேலுறை பழுதாகி, விரலில் சீழ் பிடித்து, உள்ளேயே காந்தம் துண்டு துண்டாகிவிட்டது. புதிய உலகத்தைக் கொஞ்ச நாள் தொட்டுப் பார்த்துவிட்டு இழந்தவருடைய ஏக்கம் அதில் இருக்கிறது. பிற்பாடு பொன், சிலிகான், டைட்டானியம் நைட்ரைடு என்று பல உறைகள் வந்தன. எந்த உறையானாலும் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. என்னும் பெரிய காந்தக் குழாய்க்குள் போவது ஆபத்து.

இதெல்லாம் உபரி ஆசைக்காரர்களின் விளையாட்டு என்று சிலர் சொல்லக்கூடும். நானும் அந்தக் கட்சியில் சேரத்தான் இருந்தேன். என்னைத் தடுத்தது நாக்கு.

வேபரின் பட்டியலில் முதலிடம் நாக்குக்குத்தானே? 1969-ல் பால் பாக்-இ-ரீட்டா என்ற அமெரிக்க டாக்டர், பழைய பல் வைத்திய நாற்காலி ஒன்றின் முதுகுப் பக்கத்தில் 400 அதிர்வு முனைகளைப் பொருத்தினார். காமிரா காண்பதை அவை குருடர்களின் முதுகில் எழுதின. பழகிய பிறகு அவர்கள் மேஜை மேல் இருக்கும் சாமான்களை அடையாளம் சொன்னார்கள். முதுகு மந்தம் என்று வேபர் சொன்னது உண்மைதான்; ஆனால் அங்கே இடம் தாராளம். பல வருஷங்களுக்குப் பின், 1998-ல், அவரே நாக்குக்கு வந்து சேர்ந்தார். எப்போதும் ஈரமாயிருக்கிற நாக்குக்கு மிகச் சிறிய மின்சாரம் போதுமாயிருந்தது.

காந்தமும் நாக்குக்கு வந்தது. கழுத்தெலும்பு முறிந்து கையும் காலும் விழுந்து போனவர்களுக்காக அட்லாண்டாவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மைஸம் கோவன்லூவும் அவருடைய கூட்டத்தாரும் ஒரு சாதனம் செய்தார்கள். நாக்கில் ஒரு சிறு காந்தம். கன்னத்தருகே இருக்கும் கருவிகள் அது எங்கே நகர்கிறது என்று பார்த்துக் கொண்டிருக்கும். நாக்கை இந்தப் பக்கம் தள்ளினால் சக்கர நாற்காலி இடது பக்கம் திரும்பும். அந்தப் பக்கம் தள்ளினால் வலது. முதலில் காந்தத்தைப் பசையால் ஒட்டிப் பார்த்தார்கள்; உதிர்ந்து போயிற்று. பிறகு மூக்குத்தி குத்துவது போல் நாக்கில் குத்திக் கொண்டார்கள். 2013-ல் அதன் பலனை வெளியிட்டார்கள். ஏன் நாக்கு? அதை அசைக்கும் நரம்பு முதுகுத் தண்டின் வழியாக வருவதில்லை. மூளையின் அடியிலிருந்து நேரே வருகிறது. கழுத்து முறிந்தாலும் நாக்கு பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பது இங்கேதான் எனக்குப் புலப்பட்டது. எல்லா அவயவங்களும் உள்ளவன் தன்னிடம் எது குறைவாகத் தேவைப்படுகிறது என்று பார்த்து மோதிர விரலைக் கொடுக்கிறான். எல்லாம் போனவன் தன்னிடம் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து நாக்கைக் கொடுக்கிறான். முன்னவனுடைய விளையாட்டும் பின்னவனுடைய பிழைப்பும் ஒரே தோல் படத்தைத்தான் நம்பியிருக்கின்றன. 1834-ல் கவராயத்தை வைத்துக் கொண்டு ஒருவர், "இங்கே ஒன்றா, இரண்டா?" என்று ஆயிரம் தடவை கேட்டபோது பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ!

என்னைக் கேட்டால், விரல் கொடுக்க மாட்டேன். எனக்கு இருக்கிற ஐந்து வாசல்களிலும் வந்து நிற்கிறவர்களையே இன்னும் உபசரித்து முடிக்கவில்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிற டாக்டரும் எனக்கு வேண்டியிருக்கிறார். ஆனால் கொடுத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டேன். சக்கர நாற்காலியில் இருப்பவர் வாயைத் திறக்காமல், நாக்கைச் சற்றே திருப்பி, யார் உதவியும் இல்லாமல் அடுத்த அறைக்குப் போகிறார். அப்படிப் போவதற்கு எத்தனை பேர் எத்தனை காலம் வீண் கேள்வி கேட்க வேண்டியிருந்தது என்பதை இப்போது நாம் அறிவோம்.